கழுத்துத் தமனியில் அடைப்பு: முதிய பெற்றோருக்கு அறுவையா, ஸ்டென்ட்டா, மாத்திரையா?

இதயத்தில் அடைப்பு என்றால் ஆஞ்சியோ, அதைத் தொடர்ந்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்ற வரிசை தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நன்கு பழகிவிட்டது. அதனால் வயதான தாய்க்கோ தந்தைக்கோ கழுத்துத் தமனியில் அடைப்பு இருப்பதாக டாப்ளர் அறிக்கை வந்தவுடன் ‘எத்தனை சதவீதம்?’, ‘ஸ்டென்ட் எப்போது வைக்க வேண்டும்?’ என்ற இரு கேள்விகளே வீட்டாரிடமிருந்து முதலில் வருகின்றன. மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனியின் விஷயத்தில் இந்த வரிசை பொருந்துவதில்லை. அங்கே சதவீதத்துக்கு முன்னால் கேட்கப்பட வேண்டியது, அந்த அடைப்பு மூளைக்கோ கண்ணுக்கோ ஏற்கெனவே தொந்தரவு கொடுத்திருக்கிறதா, கொடுத்திருந்தால் அது எத்தனை நாள்களுக்கு முன்பு என்பதே. இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து, ஒரே 75 சதவீத அடைப்பு ஒருவருக்கு இரண்டு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டிய அவசரமாகவும், மற்றொருவருக்கு மாத்திரைகளோடு ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கத்தக்க நிலையாகவும் அமைகிறது. ‘இந்த வயதில் இனி எதற்கு அறுவை?’ என்று கைவிடுவதும், ‘அடைப்பு என்று தெரிந்த பிறகு சும்மா இருக்கலாமா?’ என்று அவசரப்படுவதும் இந்த நோயில் ஒரே அளவுக்குத் தீங்கானவை.

பொதுக் கரோடிட் தமனி எனப்படும் பெரிய ரத்தக்குழாய் கழுத்தின் இரு பக்கமும் மேலேறி, குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பை ஒட்டிய மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. அவற்றுள் வெளிக் கரோடிட் முகத்துக்கும் உச்சந்தலைக்கும் செல்ல, உள் கரோடிட் மண்டையோட்டுக்குள் நுழைந்து மூளையின் முன்பகுதிக்கும் கண்ணுக்கும் ரத்தம் தருகிறது. பிரியும் அந்த இடத்தில் குழாய் சற்றே அகன்றிருப்பதால் ரத்த ஓட்டம் சுவரோரம் மந்தமாகிச் சுழல்கிறது. பல ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், மிகைக் கொழுப்பு ஆகியவற்றால் சேதமடைந்த உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து தடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

குழாய் குறுகி மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவு குறைவதே ஆபத்து என்று பலர் நினைக்கின்றனர். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு வகையில் வருகிறது. மூளைக்கு ரத்தம் தரும் நான்கு தமனிகளும் அதன் அடிப்பகுதியில் வளையமாக ஒன்றோடொன்று இணைந்திருப்பதை ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவர் பெயரால் அழைக்கப்படும் அந்த வளையம் முழுமையாக இருப்பவர்களுக்கு, ஒரு பக்கக் குழாய் மெல்ல மெல்ல அடைபட்டாலும் மறுபக்கத்திலிருந்து ரத்தம் வந்து சேர்கிறது. கழுத்து அடைப்பால் வரும் பெரும்பாலான பக்கவாதங்களுக்குக் காரணம், கொழுப்புப் படிவின் மேல்மூடி கிழிந்து, அதன்மீது உருவாகும் ரத்தக்கட்டின் துணுக்குகள் பிய்த்துக்கொண்டு போய் மூளைக்குள் சிறு தமனிகளை அடைப்பதே. 90 சதவீத அடைப்போடு ஒருவர் பத்து ஆண்டுகள் நடமாடுவதும், 60 சதவீதம் மட்டுமே அடைபட்ட மற்றொருவருக்கு ஒரே வாரத்தில் இருமுறை கை விழுவதும் இதனால்தான்.

எது அறிகுறி, எது அறிகுறி அல்ல

கரோடிட் அடைப்பின் அறிகுறிகள் திடீரென வருபவை, பெரும்பாலும் ஒரு பக்கத்தைச் சார்ந்தவை. ஒரு கையும் காலும் வலுவிழப்பது அல்லது மரத்துப்போவது, வாய் ஒரு பக்கம் கோணுவது, நாக்கு குழறுவது அல்லது சொல்ல வந்த சொல் வராமல் தவிப்பது, ஒரு கண்ணின் மேல் திரை இறங்கியதுபோல் சில நிமிடங்கள் பார்வை மறைவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை ஆள்வதால், இடது கரோடிட் தமனியின் கோளாறு வலக்கையிலும் வலக்காலிலும், பெரும்பாலானோருக்குப் பேச்சிலும் வெளிப்படுகிறது; பார்வை மறைவு மட்டும் அடைப்பு உள்ள அதே பக்கக் கண்ணில் நிகழ்கிறது. இவை சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முற்றிலும் மறைந்துவிட்டால் அதைத் தற்காலிகப் பக்கவாதம் என்றும், பேச்சுவழக்கில் மினி ஸ்ட்ரோக் என்றும் குறிப்பிடுகின்றனர்.

வயதானவர்கள் அடிக்கடி சொல்லும் தலைச்சுற்றல், மயக்கம், பொதுவான சோர்வு, ஞாபக மறதி ஆகியவை தனித்து வரும்போது கரோடிட் அடைப்பின் அறிகுறிகளாகக் கொள்ளப்படுவதில்லை. தலைச்சுற்றலுக்கு உட்காதின் கோளாறு, படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்குவது, ரத்தச் சோகை, மாத்திரையின் பக்க விளைவு எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் தலைச்சுற்றலுக்காக எடுத்த டாப்ளரில் 60 அல்லது 70 சதவீத அடைப்பு தென்பட்டுவிட்டால், இரண்டையும் முடிச்சுப் போட்டு, அடைப்பை நீக்கினால் தலைச்சுற்றல் போய்விடும் என்ற நம்பிக்கையில் குடும்பம் சிகிச்சைக்குத் தயாராகிவிடுகிறது. அந்த அடைப்பு பெரும்பாலும் தற்செயலாகக் கண்டறியப்பட்ட, அறிகுறியற்ற அடைப்பே ஆகும். நினைவாற்றலை மீட்பதற்காக இச்சிகிச்சையைச் செய்துகொள்ள வேண்டும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில் கழுத்து டாப்ளரும் சேர்க்கப்படுவது நகரங்களில் பெருகிவருகிறது; ஆனால் தொந்தரவு ஏதுமில்லாத பொதுமக்கள் அனைவருக்கும் இச்சோதனையைச் செய்வது நன்மையைவிடத் தீமையையே அதிகம் தரும் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பரிந்துரைக் குழு 2021-இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. தேவையற்ற பயமும் அதைத் தொடர்ந்து தேவையற்ற அறுவையும் அத்தீமைகளில் அடங்கும்.

மறைந்துபோன அறிகுறிதான் பெரிய எச்சரிக்கை

கை விழுந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்றால், வெறும் பலவீனம் என்று சொல்லி ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. தற்காலிகப் பக்கவாதத்துக்குப் பின் முழுப் பக்கவாதம் வரும் அபாயம் முதல் இரண்டு நாள்களில் மிக அதிகமாகவும், முதல் இரண்டு வாரங்களில் கணிசமாகவும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழுவினர் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய நோயாளிகளை அன்றே பரிசோதித்து அன்றே மருந்து தொடங்கியதன் விளைவாக, 90 நாள்களுக்குள் மீண்டும் பக்கவாதம் வரும் அபாயம் 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. அங்கே புதிய மருந்தோ புதிய கருவியோ பயன்படவில்லை. வழக்கமான மருந்துகளே நாள் கடத்தாமல் கொடுக்கப்பட்டன.

எனவே அறிகுறி தென்பட்டவுடன், அது மறைந்துவிட்டாலும்கூட, 108 ஆம்புலன்ஸை அழைத்து சி.டி. ஸ்கேன் வசதியும் நரம்பியல் மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்குச் செல்வதே முறை. அறிகுறி நீடிக்குமானால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும் என்பதால், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தை யாராவது ஒருவர் குறித்துவைப்பது மிகவும் பயன்படும். நெஞ்சுவலிக்குக் கொடுப்பதைப்போல வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது இங்கே சரியல்ல. பக்கவாதங்களில் ஒரு பகுதி மூளைக்குள் ரத்தம் கசிவதால் வருபவை, அதை ஸ்கேன் பார்த்த பிறகே பிரித்தறிய முடியும்.

அறுவைச் சிகிச்சை: முதியவருக்கே அதிகப் பயன்

கழுத்துத் தமனி அடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பைக் கனடிய நரம்பியல் அறிஞர் மில்லர் ஃபிஷர் 1951-இல் தெளிவாக எடுத்துரைத்தார். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி 1953-இல் படிவை அகற்றும் அறுவையை வெற்றிகரமாகச் செய்தபோதிலும் அதை 1975 வரை விரிவாக வெளியிடவில்லை. உலக மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது 1954-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகிய மூவரும் பங்கேற்ற சிகிச்சைதான். 66 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, கையும் பேச்சும் கண்பார்வையும் சிறிது நேரம் போய்த் திரும்பும் தாக்குதல்கள் 33 முறை வந்திருந்தன. ரத்தம் நிறுத்தப்படும் நேரத்தில் மூளை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பனிக்கட்டிப் பைகளால் அவருடைய உடலைக் குளிர்வித்து, தமனியின் நோயுற்ற பகுதியை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் மீண்டும் இணைத்தனர். தாக்குதல்கள் நின்றுபோயின.

இன்று செய்யப்படும் அறுவை அதைவிட எளிமைப்பட்டிருக்கிறது. எண்டார்டெரெக்டமி என்ற இந்த முறையில், கழுத்தின் பக்கவாட்டுத் தசையின் முன்விளிம்பை ஒட்டித் தோல் கீறப்படுகிறது. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்துத் தமனியைக் கவ்விகளால் அடைத்து, தேவைப்பட்டால் மூளைக்கு ரத்தம் செல்லத் தற்காலிகக் குழாய் ஒன்றைப் பொருத்துகின்றனர். பின்னர் தமனியைத் திறந்து, சுவரோடு ஒட்டிய படிவை உட்படலத்தோடு உரித்தெடுத்து, குழாய் மறுபடி குறுகாமலிருக்க ஒட்டுத்துணி வைத்துத் தைக்கின்றனர். வெளியே எடுக்கப்படும் படிவு பெரும்பாலும் விரல் நுனியளவே இருக்கும். மஞ்சள் நிறத்தில், இடையிடையே சுண்ணாம்பு கட்டி, சில இடங்களில் புண்ணாகி ரத்தக்கட்டோடு காணப்படும். முழு மயக்கம் கொடுத்தும், கழுத்தை மட்டும் மரக்கச் செய்தும் இதைச் செய்யலாம். 3,526 நோயாளிகளைக் கொண்டு 2008-இல் வெளிவந்த ‘காலா’ ஆய்வு இரண்டு முறைகளின் பலனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டதால், ‘வயதானவருக்கு மயக்க மருந்து தாங்காது’ என்ற ஒரே காரணத்துக்காக அறுவையை ஒதுக்க வேண்டியதில்லை.

இதன் பயனுக்கு அசைக்க முடியாத சான்றைத் தந்தது 1991-இல் முடிவு வெளியான ‘நாசெட்’ எனும் வட அமெரிக்க ஆய்வு. அண்மையில் அறிகுறி கண்டு, 70 முதல் 99 சதவீதம் வரை அடைப்பு உள்ளவர்களில், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் அதே பக்கப் பக்கவாதம் 26 சதவீதமாகவும், அறுவையும் பெற்றவர்களுக்கு 9 சதவீதமாகவும் இருந்தது. 50 முதல் 69 சதவீத அடைப்புக்குப் பயன் மிதமானதாகவும், 50-க்குக் கீழே பயனற்றதாகவும் தெரியவந்தது. அன்று இருந்த மருந்துகள் இன்றுள்ளவற்றைவிட வலுக்குறைந்தவை என்பதால் இன்றைய வேறுபாடு இத்தனை பெரிதாக இராது. 2025-இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு, அபாயம் குறைவாகக் கணிக்கப்பட்டவர்களுக்கு மருந்தோடு நிறுத்திக்கொண்டாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் இழப்பு தெரியவில்லை என்று காட்டியது. எனினும் கடுமையான அடைப்பும் அண்மைய அறிகுறியும் சேர்ந்திருக்கும்போது அறுவையே இன்றும் முதல் தேர்வாக இருந்துவருகிறது.

முதிய பெற்றோரின் பிள்ளைகள் அறிய வேண்டிய முக்கியமான செய்தி ராத்வெல் குழுவினர் 2004-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் இருக்கிறது. அறிகுறி கண்டவர்களில் ஒரு பக்கவாதத்தைத் தடுக்க, 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 18 பேருக்கு அறுவை செய்ய வேண்டியிருந்தது. 75 வயதைத் தாண்டியவர்களிலோ ஐந்து பேருக்குச் செய்தாலே போதுமானதாயிற்று. மருந்து மட்டும் பெற்ற முதியவர்களுக்குப் பக்கவாத அபாயம் மிக அதிகம் என்பதே இதன் காரணம். அதே ஆய்வு காலத்தின் மதிப்பையும் கணக்கிட்டது: அறிகுறி கண்ட இரண்டு வாரத்துக்குள் சேர்க்கப்பட்டவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் பயனடைய, 12 வாரங்களுக்குப் பிறகு சேர்க்கப்பட்டவர்களில் 125 பேருக்கு ஒருவரே பயனடைந்தார். நல்ல நாள் பார்த்தும், வெளிநாட்டுப் பிள்ளை விடுப்புக் கிடைத்து வரட்டும் என்றும் இரண்டு மாதம் தள்ளிப்போடும் குடும்பம், அறுவையின் அபாயம் முழுவதையும் ஏற்றுக்கொண்டு அதன் பயனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

அந்த அபாயம் சிறியதன்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவையின்போதே பக்கவாதம் வரலாம், மாரடைப்பு வரலாம், கழுத்தில் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தலாம், நாக்கையும் குரல்நாணையும் இயக்கும் நரம்புகள் பாதிக்கப்பட்டுக் குரல் கம்மலாம். நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். அறிகுறி உள்ளவர்களுக்கு அறுவையையொட்டிய பக்கவாதமும் மரணமும் சேர்ந்து 6 சதவீதத்துக்குள்ளும், அறிகுறியற்றவர்களுக்கு 3 சதவீதத்துக்குள்ளும் இருந்தால்தான் அறுவை நியாயம் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவுகோல். ‘இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்தது?’ என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் அதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

ஸ்டென்ட் யாருக்குப் பொருந்தும்

தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்புக்கு அப்பால் துணுக்குகளைப் பிடிக்கும் சிறு வடிகட்டியை விரித்து, பிறகு தானே விரியும் உலோக வலைக்குழாயைப் பொருத்துவது ஸ்டென்ட் முறை. தழும்பில்லை, ஓரிரு நாளில் வீடு திரும்பலாம், கழுத்து நரம்புகளுக்கு ஆபத்தில்லை என்பதால், முதியவர்களுக்கு இதுவே ‘மென்மையான’ வழி என்று தோன்றுவது இயல்பு. ஆய்வுகள் இதற்கு நேர்மாறானதைக் காட்டின. அறிகுறி உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட மூன்று பெரிய ஐரோப்பிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010-இல் பார்த்தபோது, 70 வயதுக்குட்பட்டவர்களிடம் இரு முறைகளும் சமமாக இருந்தன. 70-ஐத் தாண்டியவர்களிலோ நான்கு மாதங்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 12 சதவீதமாகவும் அறுவைப் பிரிவில் 5.9 சதவீதமாகவும் இருந்தனர். வயது ஏற ஏற, நெஞ்சுக்கூட்டுக்குள் வளைந்து செல்லும் பெருந்தமனி நெளிந்தும் சுண்ணாம்பு படிந்தும் போவதால், அதன் வழியாகக் கம்பியும் குழாயும் செல்லும்போதே துணுக்குகள் உதிர்வது இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். 2,502 பேரைக் கொண்ட ‘கிரெஸ்ட்’ ஆய்விலும் மொத்தப் பலன் ஏறத்தாழ ஒன்றாக இருந்தபோதிலும், ஸ்டென்ட்டில் பக்கவாதமும் அறுவையில் மாரடைப்பும் கூடுதலாக இருந்தன; வயது சுமார் 70-ஐக் கடந்ததும் தராசு அறுவையின் பக்கம் சாய்ந்தது.

ஸ்டென்ட்டே சிறந்தது என்று சொல்லத்தக்க நிலைகளும் உண்டு. இதயம் மிகவும் பலவீனமாக இருப்பவர், முன்பே அதே பக்கத்தில் அறுவை செய்து மீண்டும் அடைப்பு வந்தவர், அடைப்பு தாடைக்கு மேலே எட்டாத உயரத்தில் உள்ளவர், வாய் அல்லது தொண்டைப் புற்றுநோய்க்காகக் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர் ஆகியோர் அத்தகையவர்கள். புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் மிகுந்திருக்கும் நம் நாட்டில், கதிர்வீச்சு பெற்றுப் பிழைத்தவர்களின் எண்ணிக்கை கூடிவருவதால், கடைசியாகச் சொல்லப்பட்ட பிரிவினர்மீது மருத்துவர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் குறைந்தது ஒரு மாதம் தவறாமல் சேர்த்து உட்கொள்ள வேண்டும். பல் பிடுங்குவதற்காகவோ வேறு சிறு சிகிச்சைக்காகவோ யாரையும் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட் முழுதாக அடைபடக்கூடும்.

குடும்பங்களைத் திகைக்க வைக்கும் மற்றொரு செய்தி, அடைப்பு நூறு சதவீதம் என்றால் வழக்கமாக அறுவையோ ஸ்டென்ட்டோ செய்யப்படுவதில்லை என்பது. முழுதாக மூடிய குழாயில் ரத்த ஓட்டமே இல்லாததால் துணுக்குகள் புதிதாக மேலே செல்லும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. அதை வலிந்து திறப்பது பழைய ரத்தக்கட்டை மூளைக்குள் தள்ளிவிடும் அபாயமுடையது. மண்டையோட்டின் வெளித் தமனியை உள் தமனியோடு இணைக்கும் பைபாஸும் 1985, 2011, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளியான பெரிய ஆய்வுகளில் மருந்தைவிட மேலானதென நிரூபணமாகவில்லை. திடீரென முழுதாக அடைபட்டுப் பக்கவாதம் வந்து, சில மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தவரின் நிலை வேறு. அவருக்கு ரத்தக்கட்டைக் கம்பி வழியே வெளியே எடுக்கும் அவசரச் சிகிச்சை உண்டு.

அறிகுறி இல்லாதபோது

இதய பைபாஸுக்கு முன் எடுத்த டாப்ளரிலோ வேறு பரிசோதனையிலோ அடைப்பு தெரியவந்து, இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாத பெற்றோருக்கு என்ன செய்வது என்பதே மருத்துவ உலகம் அதிகம் விவாதித்துவந்த கேள்வி. 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும், 3,120 பேரைக் கொண்டு 2004-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வும், அறுவை செய்தால் ஐந்தாண்டுப் பக்கவாத அபாயம் சுமார் 11, 12 சதவீதத்திலிருந்து 5, 6 சதவீதமாகக் குறைவதைக் காட்டின; ஆனால் பின்னது, 75 வயதைத் தாண்டியவர்களுக்கு உறுதியான பயன் தெரியவில்லை என்றும் பதிவுசெய்தது. அவ்வாய்வுகளுக்குப் பிறகு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துகளும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடும் வெகுவாக முன்னேறிவிட்டதால், பழைய கணக்கைப் புதிதாகப் போட வேண்டிய தேவை எழுந்தது.

2025 நவம்பரில் வெளியான ‘கிரெஸ்ட்-2’ அந்தத் தேவைக்குக் கிடைத்த விடை. 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட, அறிகுறியற்ற அடைப்புள்ள ஏறத்தாழ 2,500 பேர் இதன் இரு தனி ஆய்வுகளில் கலந்துகொண்டனர். ஸ்டென்ட் ஆய்வில் நான்கு ஆண்டு முடிவில் மருந்து மட்டும் பெற்றவர்களில் 6.0 சதவீதத்தினருக்கும், மருந்தோடு ஸ்டென்ட்டும் பெற்றவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் பக்கவாதம் போன்ற பாதிப்பு நேர்ந்தது. அறுவை ஆய்வில் 5.3, 3.7 சதவீதம் என்றிருந்த வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது. ஸ்டென்ட் அறுவையை வென்றுவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. இரண்டும் நேருக்கு நேர் ஒப்பிடப்படவில்லை, பங்கேற்ற மருத்துவர்களும் கடுமையாகச் சலித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மருந்து மட்டும் பெற்ற நூறு பேரில் சுமார் 94 பேர் நான்கு ஆண்டுகளை அத்தகைய பாதிப்பின்றிக் கடந்தார்கள் என்பதே ஒரு குடும்பம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் செய்தி. ஆகவே 80 வயதில், அறிகுறியில்லாமல், வேறு நோய்களும் உள்ள ஒருவருக்கு அவசரமாக ஸ்டென்ட் வைக்கச் சொல்லப்பட்டால், இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நன்கு வாழ வாய்ப்புள்ளவராகவும், ஸ்கேனில் ஏற்கெனவே தெரியாமல் வந்துபோன மூளைப் பாதிப்பு, படிவுக்குள் ரத்தக் கசிவு, வேகமாகக் கூடும் அடைப்பு போன்றவை உள்ளவராகவும் இருந்தால் கணக்கு மாறும்.

மருந்து என்பது ‘ஒன்றும் செய்யாமலிருப்பது’ அன்று

அந்த 94 பேர் பெற்ற மருத்துவம் சாதாரணமானதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். மேல் ரத்த அழுத்தம் 130-க்குக் கீழும், கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 70 மில்லிகிராமுக்குக் கீழும் இருக்கும்வரை மருந்துகள் விடாமல் சரிசெய்யப்பட்டன. சர்க்கரை, உடல் எடை, புகைப்பழக்கம் ஆகியவையும் கண்காணிக்கப்பட்டன. நம் வீடுகளில் நடப்பது வேறு. கொழுப்பு அளவு சரியாகிவிட்டது என்று ஸ்டேட்டினை நிறுத்துவதும், ‘பிரஷர் நார்மல்தான்’ என்று மாத்திரையை விட்டுவிடுவதும், உடம்பு சூடு என்று ஆஸ்பிரினை ஒதுக்குவதும் வழக்கமாக இருக்கின்றன. அளவு சரியாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதும், ஸ்டேட்டின் கொழுப்பைக் குறைப்பதோடு படிவின் மேல்மூடி கிழியாமல் உறுதிப்படவும் உதவுகிறது என்பதும் முதியவருக்குப் புரியும்படி சொல்லப்பட வேண்டும். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவதால், தனியாக வாழும் பெற்றோருக்கு மாத்திரை தீர்ந்துபோனது என்ற காரணம் இனி இருக்கத் தேவையில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பைக் குறைப்பதும், முடிதிருத்தும் இடத்தில் கழுத்தைத் திருகிச் சொடுக்கிவிடுவதை மறுப்பதும் இதே மருத்துவத்தின் பகுதிகள். திடீர்த் திருகல் தமனியின் உட்சுவரைக் கிழிக்கக்கூடியது.

இன்னொன்று நம் மக்களுக்கே உரியது. ஆசிய நாட்டவர்களிடம் கழுத்தில் உள்ள அடைப்பைவிட மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளின் அடைப்பு, மேலைநாட்டவர்களோடு ஒப்பிட அதிகமாகக் காணப்படுகிறது. அந்த உள் அடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பதை மருந்தோடு ஒப்பிட்டு 2011-இல் வெளியான ‘சாம்ப்ரிஸ்’ ஆய்வில், முப்பது நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ ஸ்டென்ட் பிரிவில் 14.7 சதவீதமாகவும் மருந்துப் பிரிவில் 5.8 சதவீதமாகவும் இருந்ததால் ஆய்வில் புதியவர்களைச் சேர்ப்பதே இடையில் நிறுத்தப்பட்டது. கழுத்து டாப்ளர் இந்த உள் தமனிகளைக் காட்டாது. ஆகையால் பக்கவாத அறிகுறி கண்ட ஒருவருக்குக் கழுத்திலிருந்து மூளை வரை முழுத் தமனியையும் காட்டும் சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம் எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பிள்ளைகள் கேட்டறிய வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக உள்ளவருக்குச் சி.டி. சாயம் பாதிப்புத் தரலாம் என்பதால் கிரியாட்டினின் அளவையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டாப்ளர் அறிக்கையில் சதவீதத்தைவிட ரத்தம் பாயும் வேகம் கூடுதல் தகவல் தருகிறது. பி.எஸ்.வி. என்று குறிக்கப்படும் உச்ச வேகம் உள் கரோடிட்டில் நொடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் அடைப்பு 50 சதவீதத்துக்கு மேல் என்றும், 230-ஐத் தாண்டினால் 70-க்கு மேல் என்றும் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. வட அமெரிக்க முறையில் 70 என்று அளக்கப்படும் அடைப்பு, பழைய ஐரோப்பிய முறையில் 80-ஐத் தாண்டிவிடும். ஆறு மாத இடைவெளியில் இரண்டு மையங்களில் எடுத்த அறிக்கைகள் வேறுபட்டால், நோய் முற்றிவிட்டது என்று அஞ்சுவதற்கு முன் அளக்கும் முறை மாறியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

சிகிச்சை எங்கே என்பதற்குத் தனியார் மருத்துவமனை ஒன்றே விடையன்று; சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளிலும் நரம்பியல், ரத்தநாள அறுவை ஆகிய இரு துறைகளும் உண்டு. இரு துறையினரும் சேர்ந்து பார்த்து முடிவெடுக்கும் இடமே இந்நோய்க்கு உகந்த இடம். ஸ்டென்ட் மட்டுமே செய்பவரிடம் ஸ்டென்ட்டும், அறுவை மட்டுமே செய்பவரிடம் அறுவையும் பரிந்துரையாக வருவதற்கான வாய்ப்பு அங்கே குறைகிறது.

இவற்றையெல்லாம் பிள்ளைகள் மருத்துவரின் அறைக்கு வெளியே தமக்குள் பேசி முடித்துவிட்டு, ‘சின்ன சிகிச்சைதான்’ என்று பெற்றோரிடம் சொல்லும் வழக்கம் பாசத்தால் வருவதுதான் என்றாலும் அது நியாயமானதன்று. நாளை வரலாம் என்ற பக்கவாதத்தைத் தடுக்க இன்றே ஒரு சிறு பக்கவாத அபாயத்தை ஏற்பது யாருடைய உடலோ, அவருடைய விருப்பமே முதலில் கேட்கப்பட வேண்டும். தெளிந்த அறிவோடு இருக்கும் தாயோ தந்தையோ எண்பது வயதானாலும் மருத்துவரின் எதிரே உட்கார்ந்து, எண்களைத் தம் காதால் கேட்டு, தம் கேள்விகளைத் தாமே கேட்கட்டும். ஒப்புதல் படிவத்தில் இடப்படும் கையெழுத்தும் அவருடையதாகவே இருக்கட்டும்.